உள்பக்கத்துக்கு ஏழு கோட்

மரப்பெட்டிக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் பின்சுவரிலிருந்து தொடங்க வேண்டும். கதவுப் பக்கம் தொடங்கினால், பின்னால் கை நீட்டும்போது முழங்கை ஈரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எனவே முதலிலிருந்தே எழுதுகிறேன்.

செயலாளர் அவர்களே, நான் நம் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இடப்பக்க வீட்டுக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு நேர் கீழே பல் டாக்டரின் கிளினிக். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, என் வீட்டு ஹாலிலிருந்து சுமார் பத்து வாளித் தண்ணீர் புறப்பட்டது. அதில் ஒரு பங்கு டாக்டரின் கூரை வழியாக இறங்கியது. சங்கத்தின் சார்பில் நீங்கள் விசாரிக்க வந்தபோது நான் அதிகம் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

என் தொழிலைப் பற்றி இரண்டு வரி. மருந்துக் கம்பெனியில் இருமல் மருந்து பாட்டில்களின் மூடியைச் சோதிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே உறிஞ்சுதாள் வைத்து ஒரு நாள் விடுவோம். தாளில் பொட்டு விழாவிட்டால் தேர்ச்சி. என் மேசையைத் தாண்டிப் போன பாட்டில் எதுவும் யாருடைய கைப்பையிலும் ஒழுகியதில்லை. ஒழுகியிருந்தால் மறுநாளே கடிதம் வந்திருக்கும். ஒழுகவில்லை என்று இதுவரை ஒருவரும் கடிதம் போட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

மீன்தொட்டி வைக்கலாம் என்று ஆசைப்பட்டவள் என் மனைவி. தொட்டியைத் தாங்க நாலடி நீளத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வருகிற உயரத்தில், முன்பக்கம் ஒரே கதவோடு ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னோம். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஃபில்டர் அந்தப் பெட்டிக்குள்ளே உட்காரும். அதன் குழாய்கள் பின்சுவரின் உச்சியில் உள்ள துளை வழியாக மேலே தொட்டிக்குப் போகும். கார்பெண்டர் நல்ல வேலைக்காரர். வெளிப்பக்கத்தை இழைத்து, பாலிஷ் போட்டு, பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துகிற மாதிரி நிறுத்தினார். உள்ளே கை விட்டுப் பார்த்தேன், சிராய் குத்தியது.

"உள்ள ஒண்ணுமே பண்ணலியே" என்றேன்.

"உள்ள யாரு சார் பாக்கப் போறாங்க? தண்ணி பட்டா ஊறாம இருக்க ஒரு கோட் அடிச்சு விடுங்க, போதும்" என்றார்.

அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் சொன்னது மட்டும் இன்றுவரை என் காதை விட்டுப் போகவில்லை.

வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முதலில் உப்புத்தாளால் தேய்த்தேன். பலகைகள் சேரும் இடமெல்லாம் எபாக்ஸி பசையை விரலால் அழுத்தி நிரப்பினேன். மூலைகளில் சிலிக்கான் பசை தடவினேன். பிறகு மரத்தின் துவாரங்களை அடைக்கும் சீலர் இரண்டு கோட், ப்ரைமர் இரண்டு கோட், அதற்குமேல் வெள்ளை எனாமல் மூன்று கோட். ஆக ஏழு. வெள்ளை ஏன் என்றால், ஒரு சொட்டு கசிந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே காய விட்டு, நைஸ் உப்புத்தாளால் தடவி, துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. ஆபீஸ் போகும் முன் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். தலையும் தோளும் பெட்டிக்குள்ளே, மற்றதெல்லாம் ஹாலிலே. அந்த ஒன்றரை மாதமும் என் மனைவி என் கால்களோடுதான் குடும்பம் நடத்தினாள்.

"என்னங்க, சாப்பிட வரீங்களா?" என்று கேட்டுவிட்டு, பாதம் அசைவதைப் பார்த்துப் பதில் தெரிந்துகொள்வாள்.

ஆறாவது கோட் அடித்த மறுநாள் ஒரு சம்பவம் நடந்தது. சாயங்காலம் வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகையெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் நிதானமாக விசாரித்தேன். மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று பகலில் குழாய்க்கு அளவெடுக்க என் சகலை வந்துபோனதாகத் தெரிந்தது. அத்துடன் விசாரணையை முடித்துக்கொண்டேன். ரேகையைத் தேய்த்து எடுத்து, ஆறாவது கோட்டை மறுபடி அடித்து, காயும்வரை கதவில் பூட்டுப் போட்டேன். அதையும் சேர்த்தால் எட்டு கோட் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். தேய்த்து எடுத்ததை நான் கணக்கில் வைப்பதில்லை.

கடைசியாக, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின் கதவு ரப்பரை வாங்கி வந்து விளிம்பைச் சுற்றி ஒட்டினேன். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இறுக்கமான கொக்கிகள் மாட்டினேன். பெட்டிக்கு ஃப்ரிட்ஜ் ரப்பர் எதற்கு என்று மனைவி கேட்டாள். இருக்கட்டுமே என்றேன்.

சகலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அக்கா கணவர். தங்கமான மனிதர். மீன் வளர்ப்பில் கரை கண்டவர், அவர் வீட்டிலேயே ஐந்து தொட்டிகள் உண்டு. அவர்தான் எங்கள் தொட்டியில் குழாய் மாட்டி, தண்ணீர் பதம் பார்த்து, நெற்றி புடைத்த ஓர் ஆரஞ்சு நிற மீனை வாளியில் கொண்டுவந்து விட்டார். ஓயாமல் வாய் திறந்து மூடிக்கொண்டே இருந்ததால், தன் ஆபீஸில் இருப்பவர் நினைவாக அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள் என் மனைவி.

அன்று மாமனார், மாமியார், பக்கத்து வீடு, எதிர் வீடு என்று பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரும் மேனேஜரைப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

"பெரிய மாப்ள கை வெச்சா வெச்சதுதான். வீட்டுக்கே ஒரு களை வந்திருச்சு" என்றார் மாமனார்.

நான் கதவை நாலு விரல் அளவுக்குத் திறந்துதான் வைத்திருந்தேன். மாமியார் அதை முழங்காலால் தள்ளிச் சாத்தினார். "யாராச்சும் இடிச்சுக்கப் போறாங்க" என்றார். நல்ல எண்ணம்தான்.

அடுத்த நாட்களில், யாராவது தற்செயலாக உள்ளே பார்க்கும்படி சில ஏற்பாடுகள் செய்தேன். டிவி ரிமோட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் உள்ளே விட்டு எடுத்துக்கொண்டு, "இத ஏன் இங்க வெக்கறீங்க?" என்றாள். மாமனார் வந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடியை வைத்தேன். கண்ணாடி இல்லாமல் தேடியதால், எடுக்கும்போது அவருக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. இது என் திட்டத்தில் இருந்த கோளாறு, ஒப்புக்கொள்கிறேன். கடைசியாகப் பல் டாக்டரையே மேலே அழைத்தேன். நாள் முழுக்க வாய்க்குள்ளே பார்க்கிறவர், உள்பக்கத்தின் அருமை அவருக்காவது தெரிந்திருக்கும் என்று நம்பினேன். அவர் குனிந்து மேனேஜரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இதுக்குப் பல்லு வரிசை பிரமாதம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஊர் மெச்ச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை தலையை உள்ளே நீட்டி 'அட' என்றால் போதும். அது கிடைக்காமல் மனம் ஆறவில்லை. சோறு இறங்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் யோசனை வந்தது. காலிப் பாட்டிலின் மூடியை யார் மெச்சுவார்கள்? உள்ளே மருந்து இருந்தால்தானே மூடியின் பெருமை வெளியே தெரியும்?

இனி நான் எழுதுவது அந்தச் சனிக்கிழமை பற்றி. மனைவி ஆபீஸ் போயிருந்தாள். பெட்டிக்குள்ளிருந்த மின்சார போர்டை முதலில் வெளியே எடுத்துவிட்டேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கறார். பிறகு ஃபில்டரோடு சேரும் குழாயின் மறையைக் கழற்றி, நுனியைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தி, இரண்டு கொக்கிகளையும் போட்டேன். தொட்டித் தண்ணீர் தானாகவே குழாய் வழியே கீழே இறங்கியது. குழாயின் மேல்முனை தொட்டித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருப்பதால், அந்த அளவுக்கு வந்ததும் தானாகவே நின்றுவிடும். மீனுக்கு ஒரு தீங்கும் வராது. மேனேஜர் பக்கவாட்டில் ஒருமாதிரி சாய்ந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு குழாயின் மேல்முனையை மட்டும் தொட்டி விளிம்புக்கு மேலே தூக்கிவிட்டு, பாத்ரூமிலிருந்து பத்து வாளி சுமந்து தொட்டியைப் பழையபடி நிரப்பினேன். அதாவது, இப்போது மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். பெட்டியைச் சுற்றித் தரையில் உறிஞ்சுதாள் பரப்பி, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். தாளில் ஒரு பொட்டு இல்லை. பின்சுவர்த் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். முழங்காலுக்கு வரும் ஆழத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. அதற்கு அடியில் என் வெள்ளை பளீரென்று தெரிந்தது. செயலாளர் அவர்களே, என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

மனைவி சாயங்காலம் வந்து, "மேனேஜருக்குத் தண்ணி மாத்துனீங்களா? தெளிவா இருக்கே" என்றாள். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மாமனார் வீட்டாரும் சகலை குடும்பமும் வருவதாக ஏற்கெனவே பேச்சு. வந்தவர்களைத் தொட்டிக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்தேன். மாமியாருக்கு நாற்காலி போட்டேன். மாமனார் மூட்டு வலிக்காகக் கம்பளிக் காலுறை போட்டிருந்தார். இந்த விவரத்தை நான் முன்பே கவனித்திருக்கலாம்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் உள்ள பாருங்க. நேத்துலேர்ந்து இதுக்குள்ள தண்ணி நிக்குது. ஒரு சொட்டு வெளிய வரல" என்றேன்.

"எதுக்குள்ள?" என்றார் மாமனார்.

"இதுக்குள்ளதான்" என்று சொல்லி மேல் கொக்கியை எடுத்தேன். பிறகு கீழ்க் கொக்கியை எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவில் சோதித்த பாட்டிலை நாங்கள் திறப்பதில்லை. தேர்ச்சி பெற்றது அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் மூடியது உண்டு, கவிழ்த்தது உண்டு, திறந்தது கிடையாது. தண்ணீர் வெளியே வராமலிருக்க என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அத்தனையையும் யோசித்தவன், காட்டுவதற்குக் கதவைத் திறந்தாக வேண்டுமே என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

கதவைக்கூட நான் திறக்கவில்லை, அது தானாகவே திறந்துகொண்டது. நான் கொக்கிகளைத்தான் எடுத்தேன்.

மாமியார் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். அந்த வயதில் அவ்வளவு வேகம் வரும் என்று எனக்குத் தெரியாது. மாமனாரின் காலுறை தன்னால் முடிந்ததைக் குடித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டது. வாசலில் கிடந்த செருப்புகள் மிதந்து படிக்கட்டுவரை போயின. தண்ணீர் ஹாலின் நடுவில் சற்று நின்று, தரையில் ஒரு விரிசல் கண்டுபிடித்து இறங்கிற்று. கீழே டாக்டரின் நாற்காலியில் ஒருவர் வாயை ஆவென்று திறந்து, கண்ணை மூடிப் படுத்திருந்தாராம். விழுந்த தண்ணீரைச் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நினைத்து, நன்றாகக் கொப்பளித்துத் துப்பியிருக்கிறார். டாக்டர் பதறியது அதற்குப் பிறகுதான். அவரிடம் என் வருத்தத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாரும் தண்ணீர் போன திசையிலேயே பார்த்தார்கள். ஏழு பேர், பதினான்கு கண். பெட்டிப் பக்கம் ஒரு கண்ணும் திரும்பவில்லை. நான் மட்டும் குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சுவரில் சொட்டுகள் முத்து முத்தாக நின்றன. ஓரிடத்திலும் ஊறவில்லை, உப்பவில்லை.

பிறகு மாமனார் உள்ளே கிடந்த குழாய் நுனியைப் பார்த்தார். குழாயைத்தான் பார்த்தார், சுவரைப் பார்க்கவில்லை.

"பெரிய மாப்ளே, இந்தக் கொழாய நீங்கதானே மாட்டுனீங்க?"

சகலை குழாய் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லா முறுக்கித்தான் மாமா மாட்டினேன்..."

"முறுக்கினா ஏன் கழலுது?"

வாரா வாரம் நான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாருக்கும் தெரியும். குழாய் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகியிருக்கிறது, நானும் தெரியாமல் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நேற்றிலிருந்து தண்ணீர் நிற்கிறது என்று நான் சொன்னது அந்தக் களேபரத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாமனார் பெரிய மாப்பிள்ளையை அந்தக் குரலில் கேட்டு அதுவரை நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று தோன்றியது. அந்தக் கட்டைவிரலும் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வாரம் அப்படியே போய்விட்டது.

இந்த இரண்டு வாரத்தில் சகலை தன் ஐந்து தொட்டிகளிலிருந்த மீன்களையும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் குழாய் குழாயாகப் போய்த் திருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "அவருக்கு ராசி போயிருச்சுன்னு உக்காந்திருக்கார்டி" என்று அக்கா போனில் அழுததை என் மனைவி வந்து சொன்னாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மீன்களுக்குப் புது இடம் பழக நாளாகும் அல்லவா.

விசாரிக்க வந்த நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "தொட்டி தளும்பத் தளும்ப இருக்கே, அப்போ இவ்ளோ தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" வேறு யாருக்கும் தோன்றாத கேள்வி. உங்கள்மேல் எனக்கு அன்று மரியாதை வந்தது. பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். சமாளித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

ஆனால் நேற்று லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். 'இரண்டாம் மாடி வீட்டு மீன்தொட்டிப் பெட்டியின் உட்புறம் கசிந்ததால் ஏற்பட்ட சேதம் குறித்து' என்று தொடங்குகிறது. அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. லிஃப்ட் வந்து, திறந்து, மூடி, போய்விட்டது.

செயலாளர் அவர்களே, பெட்டி கசியவில்லை. பத்து வாளித் தண்ணீரை ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டு விடாமல் தாங்கிய பெட்டி அது. தண்ணீரை உள்ளே விட்டவன் நான். குழாயைக் கழற்றியவன் நான். தொட்டியை நிரப்பி மறைத்தவன் நான். சகலைமேல் பழி விழுந்தபோது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவனும் நான். சங்கம் என்ன தண்டனை விதித்தாலும் தலைவணங்கி ஏற்கிறேன். அறிவிப்பில் 'உட்புறம் கசிந்ததால்' என்பதை அடித்துவிட்டு, 'வீட்டுக்காரர் வேண்டுமென்றே செய்ததால்' என்று எழுதிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து உள்ளே பார்க்கலாம். டார்ச் நான் தருகிறேன்.

பின்குறிப்பு: இதை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் என் மனைவி முழுவதையும் படித்துவிட்டு, பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. எதையும் மறைக்கப் போவதில்லை என்று எழுதிவிட்டதால் அவள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

"அது அத்தான் வெரல் இல்ல, என்னோடது. அன்னிக்கு நீங்க கெளம்பினதும் தெறந்து பாத்தேன். உள்ள கண்ணாடி மாதிரி இருந்துச்சு. என் வீட்டுக்காரருக்கு இவ்ளோ கைவேலை வருமான்னு பெருமையா இருந்துச்சு, தொட்டுப் பாக்காம இருக்க முடியல. சாயங்காலம் சொல்லணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்ததும் வராததுமா 'எவன் கைய வெச்சான்'னு வீடே அதிர்ற மாதிரி கத்துனீங்க. பூட்டும் போட்டுட்டீங்க. அப்பறம் எங்க சொல்றது?"

பதில் எதிர்பார்க்காமல் எழுந்து அக்காவுக்குப் போன் போடப் போய்விட்டாள். அவள் சொன்னதை எல்லாக் கோணத்திலிருந்தும் நியாயமாக யோசித்துப் பார்த்தேன். அவள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு கோட் காய இருபத்துநாலு மணி நேரம் ஆகும் என்று டப்பாமேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தொட்டிருக்கலாம்.